மூன்று படிகளுக்கு நன்றி

அந்தத் தங்கச் சுரங்கக் கம்பெனியில் ஒரு காலத்தில் புகார்ப் புத்தகம் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கம்பெனிக்கு அநியாயம் செய்தவனாவேன். தடித்த அட்டை போட்ட பெரிய புத்தகம். பாலகாட் பக்கத்து ஷாஃப்ட் வாயில், அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியின் வாயில், பில்லை கொடுக்கிற ஜன்னலில், சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து குறை சொல்லலாம். ரைட்டர் ஜெயகரன் எழுதிக்கொள்வார். எழுதியதை யாரும் படிக்கமாட்டார்கள். சொன்னவனுக்குச் சொன்ன திருப்தி, எழுதினவருக்கு எழுதின திருப்தி என்று இரண்டு பக்கத்துக்கும் பாதகமில்லாமல் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

1904-ஆம் வருஷம் தை மாதம் ஹரோல்ட் துரை வந்தார். வந்தவர் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டார். அதுதான் வினை.

ஹரோல்ட் துரை கம்பெனியின் புதுக் காரியதரிசி. மனிதன் தன்னைத்தானே உயர்த்திக்கொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகங்களாகவே இரண்டு பெட்டி நிறைய சீமையிலிருந்து கொண்டுவந்திருந்தார். சென்னப்பட்டணத்தில் ஒரு வருஷம் தங்கி ஒரு முன்ஷியிடம் தமிழும் படித்திருந்தார். முன்ஷி ஏட்டுத் தமிழைத் தவிர வேறொன்றும் கற்றுத் தராததால், துரை பேசுவது கூலிக்காரர்களுக்குப் பாதி விளங்காது. ஆனால் கேட்க மரியாதையாக இருக்கும்.

புகார்ப் புத்தகத்தில் நாற்பது பக்கம் படித்தார். தட்டி வீட்டுக்குள் மழை கொட்டுகிறது. குடிக்கிற தண்ணீரில் புழு நெளிகிறது. வெடி வைத்த புகை அடங்குவதற்குள் உள்ளே இறக்குகிறார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் அவருக்குத் தலைவலி வந்துவிட்டது. “இத்துணைக் குறைகளா! இம்மக்களிடம் நன்றியுணர்வு மிகவும் குன்றியுள்ளது” என்று வியாதியைக் கண்டுபிடித்தார். மறுநாள் புத்தகம் போயிற்று. சங்கிலி மட்டும் அங்கேயே இருந்தது. அதில் வேறொரு புத்தகத்தைக் கட்டினார்கள்.

இப்படிப் பிறந்ததுதான் சுய முன்னேற்ற நன்றியறிதல் சபை. தலைவர், காரியதரிசி, பிரசங்கி மூவரும் ஹரோல்ட் துரையே. மூவருக்குள்ளும் எப்போதும் ஒற்றுமை இருந்தது.

பில்லை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நம்பர் அடித்த பித்தளை வட்டு. உள்ளே இறங்குகிறவன் ஜன்னலில் வாங்கிக்கொண்டு போகவேண்டும், மேலே வந்ததும் திருப்பித் தரவேண்டும். சாயங்காலம் ஜன்னலில் ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒருவன் இன்னும் பூமிக்கு அடியில் இருக்கிறான் என்று அர்த்தம். பில்லை இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. சபை இந்தப் பில்லையைப் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில், பில்லை வாங்குமுன், அன்றாட வாழ்க்கையில் தனக்கு உற்சாகமூட்டிய ஏதாவது ஒரு பொருளைச் சொல்லி அதற்கு நன்றி கூறவேண்டும். ஒருமுறை சொன்னதை அதே ஆள் மறுபடி சொல்லக்கூடாது. ஏனென்றால், துரை சொன்னபடி, “பழையது தேக்கம், புதியது வளர்ச்சி.”

முதல் வாரம் சுலபமாகப் போனது. சூரியன், மழை, கஞ்சி, அம்மா என்று எல்லாருமே வாரி வழங்கினார்கள். இரண்டாம் வாரத்தில் கை இறுகிற்று. மூன்றாம் வாரம் வேலைக்கு வரும் வழியெல்லாம் ஆட்கள் திருடர்களைப் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். வேலியில் ஒரு ஓணான் தலையாட்டினால் போதும், இருபது பேர் நின்றுவிடுவார்கள். அன்றைக்கு ஜெயகரன் இருபது ஓணான் எழுதுவார்.

இதில் நிம்மதியாக இருந்தவன் கோவிந்தன் ஒருவன்தான். அவன் ராபர்ட்சன்பேட்டை சந்தையில் ஒரு கழுதையைப் பார்த்துவைத்துக்கொண்டான். முதல் நாள் கழுதையின் வலது காதுக்கு நன்றி சொன்னான். மறுநாள் இடது காது. பிறகு நெற்றி, வலது கண், இடது கண், மூக்கு. “முன்னங்கால் குளம்புக்கே நாலு நாள் வரும்டா” என்று தன் கூட்டாளி காத்தவராயனிடம் அடித்துச் சொன்னான். வால் வருவதற்கு ஆறு மாதம் ஆகும் என்பது அவன் கணக்கு.

காத்தவராயனுக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து வந்தவன். கல் நிரப்பின வண்டியைத் தள்ளுகிற வேலை. அவனுக்கு அப்போது இருந்த கவலையெல்லாம் ஏணியைப் பற்றித்தான். அந்த ஷாஃப்டில் இயந்திரம் இழுக்கிற கேஜ் கூண்டு கல்லுக்கும் துரைமாருக்கும் உரியது. கூலிக்காரர்கள் ஏணியில்தான் இறங்கி ஏற வேண்டும். மேலிருந்து இரண்டாவது ஏணியில் அடுத்தடுத்து மூன்று படிகள் உளுத்து உடைந்துவிட்டன. ஏறி வருகிறவன் அந்த இடத்தில் பக்கச் சட்டத்தைக் கட்டிப்பிடித்து, பாறையில் பெருவிரல் அளவு துருத்திக்கொண்டிருக்கும் ஒரு முனையில் கால் வைத்து, மூச்சைப் பிடித்து எம்ப வேண்டும். பத்து மணி நேரம் வண்டி தள்ளிய பிறகு எம்ப வேண்டும்.

மாசி மாதம் பதினாலாம் தேதி காலையில் ஜன்னலுக்குப் போனான்.

“இன்னாப்பா காத்தவராயா, இன்னிக்கு எதுக்கு நன்றி?” என்றார் ஜெயகரன்.

“நன்றி இல்லீங்க ரைட்டரய்யா. ரெண்டாவது ஏணில மூணு படி ஒடஞ்சி பூட்ச்சி. புகார் எய்தணும்.”

“புகாரெல்லாம் போன மாசத்தோட சரி. இப்போ நன்றி மட்டுந்தான்.”

“அப்போ படி ஒடஞ்சத எங்க போயி சொல்றது?”

ஜெயகரன் கெட்டவர் அல்ல. ஆறு பேர் சாப்பிடுகிற வீடு. வேலை போய்விடுமோ என்ற பயத்தைத் தவிர அவரிடம் வேறு குறையில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நன்றியாவே சொல்லிடு. எய்திக்கிறேன். துரை படிப்பாரில்ல?”

“இல்லாத படிக்கு நன்றியா?”

“பின்னால நூறு பேரு நிக்கிறாங்கப்பா.”

“சரிங்க. ரெண்டாவது ஏணி, மூணு படி. நன்றி.”

புத்தகத்தில் கட்டங்கள் சிறியவை. ஆகவே ஜெயகரன் பொருளை மட்டும் எழுதுவது வழக்கம். ‘நன்றிக்குரிய பொருள்: இரண்டாவது ஏணியின் மூன்று படிகள்’ என்று எழுதிப் பில்லையை எடுத்து நீட்டினார்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் துரை காத்தவராயனை மேடைக்குக் கூப்பிட்டார்.

“அப்படிகளில் நீ கண்ட சிறப்பு யாது?”

காத்தவராயன் விழித்தான். “படில இன்னா விசேஷம்னு கேக்குறாரு” என்று பக்கத்திலிருந்து ஜெயகரன் எடுத்துக் கொடுத்தார்.

“அதுங்க இல்லீங்க துரை. அதான் விசேஷம்.”

துரை கண்களை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. திறந்தபோது கலங்கியிருந்தன.

“நண்பர்களே! இருப்பதற்கு நன்றி கூறுவோர் கோடி. இல்லாததற்கு நன்றி கூறியவர் இவர் ஒருவரே! படி இருந்தால் கால் ஏறும். படி இல்லையேல் மனிதனே ஏறுகிறான். நான் லண்டனில் படிகள் நிறைந்த ஒரு வீட்டில் வளர்ந்தேன். ஆகையால்தான் எனக்கு இவ்வுண்மை இத்தனை காலம் தெரியாமற் போயிற்று.”

காத்தவராயனுக்கு முதல் வகுப்பு நன்றியாளன் என்று பட்டம் கொடுத்து, சட்டையில் ஒரு தகர மெடலையும் குத்தினார்கள். வேலை நேரத்திலும் அதைக் குத்தியிருக்க வேண்டும் என்பது விதி. அன்று முதல் படி இல்லாத இடத்தில் எம்பும்போது மெடல் சட்டத்தில் மாட்டிக்கொண்டு அவனைக் கீழே இழுத்தது.

வீட்டில் அவன் மனைவி சம்பங்கி மெடலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முழுகாமல் இருந்தாள், மூன்று மாதம்.

“இத்த மிதிச்சி ஏற முடியுமா?” என்று கேட்டாள்.

“இன்னாமே பேசற? மெடலப் போயி மிதிப்பாங்களா?”

“அப்போ இது எதுக்கு? எங்க அக்கா ஊட்டுக்காரரு அந்த ஏணிலேர்ந்துதான் போனாரு. பில்லைய மட்டும் கொண்டாந்து கையில குட்த்தாங்க. த பாரு, சொல்லிட்டேன். புள்ள பொறக்கறதுக்குள்ள மூணு படி வரணும். வரலன்னா நான் குடியாத்தம் போயிடுவேன். இங்க குந்திக்கினு தெனம் சாயந்திரம் ஆணிய எண்ணிக்கினு இருக்க என்னால ஆவாது.”

அவள் சொன்னால் செய்வாள். அது காத்தவராயனுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவன் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

முதல் வகுப்பு நன்றியாளன் சொல்வதைக் கட்டம் தாண்டினாலும் முழுசாக எழுதவேண்டும் என்பது துரையின் உத்தரவு. அடுத்தடுத்து அவன் கொடுத்த நன்றிகளைப் புத்தகத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். ‘சாவு பக்கத்தில் நிற்பதை தினமும் சாயங்காலம் காட்டுவதற்கு நன்றி.’ ‘விழுந்தால் எட்டடி கீழே மரப்பலகை மேடை இருப்பதற்கு நன்றி.’ ‘மேடையும் உளுத்துவருவதற்கு நன்றி.’ ஒவ்வொன்றுக்கும் துரை ஓரத்தில் சிவப்பு மையில் ‘மிக அழகு’ என்று எழுதியிருக்கிறார்.

வைகாசியில் ஒரு நாள் துரையே ஒரு கமிட்டி போட்டார். மூன்று பேர் கேஜில் இறங்கி, ஏணியைப் பார்த்து, நீளம் அகலம் அளந்து குறித்துக்கொண்டு போனார்கள். நாலாம் நாள் காலையில் தச்சுக் கொட்டகையிலிருந்து வாசு ஆசாரி தேக்குப் பலகையும் ஆணியும் சுத்தியலுமாக ஷாஃப்ட் வாய்க்கு வந்தார். பில்லை வாங்கி இறங்கப் போன காத்தவராயன் அதைப் பார்த்தான். வரிசையை விட்டு ஓடிவந்து பலகையைத் தூக்கப் போனான்.

“பாத்து தூக்குப்பா. எய்த்து அயிஞ்சிடப் போவுது” என்றார் ஆசாரி.

பலகையைத் திருப்பினான். வெள்ளைப் பெயின்டில் கொட்டை எழுத்துக்கள்: ‘நண்பா, நில். இங்கே இல்லாததை எண்ணி நன்றி கூறு.’

அந்தப் பலகையை, படி இல்லாத இடத்தில், ஏணியின் இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே அறைந்தார்கள். அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து ஏறி வந்த காத்தவராயன் அதன் முன்னால் நின்றான். எழுத்துத் தெரியாததால் படிக்கவில்லை. பலகையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். இரண்டு சட்டத்துக்கும் குறுக்கே அறைந்த மரத்துக்கு ஊரில் என்ன பெயரோ, அந்தப் பெயர் அவனுக்கு ஞாபகம் வந்தது. பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் மேல் காலை வைத்து ஏறிவிட்டான்.

பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். எழுத்தை மிதிப்பது பாவம் அல்லவா? ஆகவே ஒவ்வொருவனும் தொட்டு, கண்ணில் ஒற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு மிதித்தான். முந்நூறு பேர் ஏற வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை. பாலகாட்டில் சபை செய்த ஒரே உபகாரம் அந்தப் பத்து நாள்தான். சம்பங்கிகூடச் சிரித்தாள்.

பத்தாம் நாள் துரைக்குச் செய்தி எட்டிற்று. காத்தவராயனை நிறுத்தி விசாரணை வைத்தார்.

“நன்றியைக் காலால் மிதித்தாயா?”

“கும்புட்டுட்டுத்தாங்க மிதிச்சோம், துரை.”

“எழுத்துக்களின் மீது சேறு படிந்துள்ளது. ‘நண்பா, நில்’ என்பது மட்டுமே எஞ்சியுள்ளது. நின்றாயா?”

“நின்னா பின்னால வரவனுங்க தலைல முட்டிக்குவானுங்களே.”

துரை பெருமூச்சு விட்டார். “உன் உயர்வைக் கண்டு மகிழ்ந்தேன். நீயோ வெறுமனே மேலே ஏறிக்கொண்டிருந்திருக்கிறாய்.” காத்தவராயன் இரண்டாம் வகுப்பு நன்றியாளனாக இறக்கப்பட்டான். பலகையைப் பிடுங்கி, யார் காலும் எட்டாதபடி பக்கத்துப் பாறையில் அறைந்தார்கள். எட்டி மிதிக்க முடியாது. எட்டிப் பார்த்தால் வாசிக்கலாம்.

சம்பங்கி துணிமணியை மூட்டை கட்டி மூலையில் வைத்துவிட்டாள். போகவில்லை. ஆனால் மூட்டை அங்கேயே இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் காத்தவராயன் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஆடி மாத மழையில் ஷாஃப்ட் சுவரெல்லாம் ஊறிக் கசிந்தது. ஒரு சாயங்காலம் கோவிந்தன் கை வழுக்கி, சட்டத்தை விட்டு, மேடையில் போய் விழுந்தான். மேடை உடையவில்லை, அவனுடைய கால் உடைந்தது. காத்தவராயன்தான் அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினான். அந்த மூன்று படிகள் இல்லாத இடத்தில், முதுகில் ஓர் ஆளோடு எம்பியபோது, தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மனிதனைக் கொன்றுவிட வேண்டும் போல அவனுக்கு இருந்தது.

துரை உடனே கோவிந்தனின் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்தார். பாயருகில் குனிந்து, “இன்று எதற்கு நன்றி கூறுகிறாய், நண்பா?” என்றார்.

கோவிந்தன் கொஞ்சம் யோசித்தான். “கழுத்துக்குங்க” என்றான்.

“அருமை! முறிந்ததை விடுத்து முறியாததைக் காண்கிறாய்!” என்று குறிப்பெடுத்துக்கொண்டார். கால் ஒட்டும் வரை கோவிந்தன் வேலைக்கு வரவேண்டியதில்லை என்றும், தினம் ஒரு நன்றியை ஆள் மூலம் அனுப்பினால் பெயர் பட்டியலில் நிற்கும் என்றும் உத்தரவிட்டார். அவனும் படுத்தபடியே கழுதையைத் தொடர்ந்தான். முதுகெலும்பு வழியாக வாலை நெருங்கிக்கொண்டிருந்தான்.

ஆவணி பிறந்தது. சம்பங்கிக்கு நாள் நெருங்கிவிட்டது. சபைக்கு ஆண்டு விழா வைக்கவேண்டும் என்று துரைக்குத் தோன்றிற்று. சபைக்கு அப்போது எட்டு மாதந்தான் வயது. ஆனால் வளர்ச்சி காலண்டரைப் பார்ப்பதில்லை என்று விளக்கம் சொன்னார். விழாவின் சிகரமாக, அவரே கேஜில் இறங்கி, தொழிலாளிகளோடு ஏணியில் ஏறி வந்து, அன்றாட உழைப்பிலிருந்து உற்சாகம் பெறப்போவதாக அறிவித்தார். வியாழக்கிழமை, காலை ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஏறுகிற நேரம். துரைக்கு வழிகாட்டக் காத்தவராயனை முன்னால் விட்டார்கள்.

துரை கனத்த சரீரம். பூட்ஸ் போட்டிருந்தார். தொப்பியில் களிமண்ணால் மெழுகுவர்த்தி ஒட்டியிருந்தது. முதல் மூன்று ஏணிகளையும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினார். நான்காவதில் பாட்டு நின்றது. அதற்குப் பிறகு மூச்சு மட்டுமே கேட்டது. மேலிருந்து இரண்டாவது ஏணியில் படி இல்லாத இடத்துக்கு வந்ததும் காத்தவராயன் சட்டத்தைக் கட்டிப்பிடித்து எம்பி மேலே போய்விட்டான். துரை கையை உயர்த்தித் துழாவினார்.

“படி எங்கே?”

“அதாங்க துரை, அந்த மூணு.”

துரை கையை இறக்கிக்கொண்டார். பிறகு, “நான் இறங்குகிறேன்” என்றார். ஆனால் கீழே ஏணி முழுக்க நாற்பது பேர் ஒருவர் காலடியில் ஒருவராகத் தொற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே இருநூறு பேர். துரையின் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. ஏணியும் கூடவே நடுங்கிற்று. காத்தவராயன் தலைப்பாகையை அவிழ்த்துக் கீழே விட்டான். துரை பிடித்து இழுத்ததும் அது நடுவில் கிழிந்தது.

“கயிறு கொண்டு வா! விரைந்து கொண்டு வா!”

காத்தவராயன் மேலே ஓடினான். கயிறு ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோருக்குச் சீட்டு வேண்டும். சீட்டு ஜன்னலில் கிடைக்கும்.

“ரைட்டரய்யா, துரை ஏணில தொங்கிக்கினு கீறாரு! கயித்துக்கு சீட்டு குடுங்க!”

ஜெயகரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சீட்டுப் புத்தகத்தை எடுத்தார், திரும்ப வைத்தார். “அப்பிடி எய்தினா அது புகாராயிடும்ப்பா. ஏணில குறை இருக்குன்னு நானே எய்தினா மாதிரி ஆயிடும். நன்றியா வந்தா, அத்த வெச்சி சீட்டு போடலாம்.”

“சரி எய்துங்க. துரை தொங்கறதுக்கு நன்றி.”

“நீ காலைல சொல்லிட்டியே. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒண்ணுதான். இன்னிக்கு நன்றி பாக்கி இருக்கற ஆளா பாத்து இட்டுக்கினு வா.”

இறங்கியிருந்த எல்லாரும் காலையிலேயே நன்றியைச் சொல்லித் தீர்த்திருந்தார்கள். அன்றைய நன்றியை இன்னும் அனுப்பாதவன் ஒருவன்தான் இருந்தான். காத்தவராயன் கூலிக்காரர்களின் லைன் வீட்டுக்கு ஓடிக் கோவிந்தனை மறுபடி முதுகில் தூக்கினான்.

“இன்னிக்கு வால்டா” என்று வழியெல்லாம் புலம்பினான் கோவிந்தன். “ஆறு மாசமா காத்துக்கினு இருந்தேன். நாளைக்கு சொல்லிக்கறேனே, துரை எங்க போயிடப் போறாரு?”

“அவரு கீழ வுயுந்தா அவருக்குக் கீழ நாப்பது பேரு கீறாங்கடா!”

கோவிந்தன் வாலை மறுநாளைக்குத் தள்ளிவைத்தான். ஜன்னலில் சாய்ந்து நின்று, “காரியதரிசி துரை ஏணில தொங்கறாரு. நன்றி” என்றான். ஜெயகரன் எழுதினார். சீட்டும் எழுதினார். எழுதி முடித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்து நெற்றியில் அறைந்துகொண்டார். சீட்டில் காரியதரிசியின் கையெழுத்து வேண்டும்.

அதற்கப்புறம் நடந்ததை நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தச் சீட்டை நானே பார்த்திருக்கிறேன். ஜெயகரன் சீட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் ஒரு நூலில் கட்டி, ஏணியின் தலைமாட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, மெள்ள மெள்ளக் கீழே இறக்கினார். துரை ஒரு கையால் சட்டத்தை அணைத்துக்கொண்டு, தொப்பி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைப் படித்தார். அந்த நிலையிலும் முழுவதையும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மேல் கட்டத்தில் தொடங்கி மூன்று கட்டம் தாண்டிக் கீழே போயிருக்கிறது.

கயிறு வந்தது. ஆறு பேர் சேர்ந்து துரையைத் தூக்கினார்கள். மேலே வந்ததும் அவர் மண்ணில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், “அந்தத் தச்சனை அழையுங்கள்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசு ஆசாரி ஒரே ஆளாக இறங்கி மூன்று படிகளையும் அறைந்தார். ஆறு மாதம் கிடைக்காத மரம் ஆறு நிமிஷத்தில் கிடைத்தது. அறைய ஒரு மணி நேரங்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் காத்தவராயன் ஏறி வந்தான். பழக்கத்தில் சட்டத்தைக் கட்டிப்பிடித்து மூச்சை இழுத்தான். கால் புது மரத்தில் பட்டது. கையால் தடவினான். பச்சை மர வாசனை. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் தலை அவன் காலில் முட்டியது. காத்தவராயனுக்கு அழுகை வந்தது. எட்டு மாதமாக அவன் தினம் ஒரு நன்றி சொல்லியிருக்கிறான். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

அன்று மாலையே துரை விசேஷக் கூட்டம் கூட்டினார். கையில் கட்டுப் போட்டிருந்தார்.

“நண்பர்களே! நேற்று அந்த ஏணியில் இரண்டு மணி நேரம் நான் சிந்தித்தேன். இதுகாறும் எவரும் கண்டிராத ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. இல்லாத படி தொழிலாளிக்கு வளர்ச்சி தருகிறது. அதே படி, காரியதரிசிக்கு விபத்தைத் தருகிறது! இவ்வேறுபாட்டை நம் சபை இதுவரை ஆராயவில்லை. உங்கள் வளர்ச்சிக்கு இடையூறாகவே அப்படிகளைப் பொருத்த நேர்ந்தது. பொறுத்தருளுங்கள். அடுத்த ஏணியிலும் சில படிகள் விரைவில் உளுத்துவிடும் என்று கேள்வியுற்றேன். மனம் தளர வேண்டாம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டினால்தான் கூட்டம் முடியும்.

மறுநாள் சனிக்கிழமை. காத்தவராயன் விடியும்போதே ஜன்னலுக்குப் போய் வரிசையில் முதலாளாக நின்றான். வழியில் ஓணானைத் தேடவில்லை, காக்காயைப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியது நெஞ்சில் தயாராக இருந்தது.

“இன்னாப்பா, இன்னிக்கு எதுக்கு?”

“ரெண்டாவது ஏணி, மூணு படிங்க. நன்றி.”

ஜெயகரன் பேனாவை மையில் தோய்த்தார். தோய்த்தவர் நிறுத்தினார். பக்கங்களைப் பின்னாலே புரட்டிக்கொண்டே போனார். மாசி மாதத்தில் விரலை வைத்தார்.

“இத்த சொல்லிட்டியேப்பா. மாசி பதினாலு. ‘இரண்டாவது ஏணியின் மூன்று படிகள்.’ அதேதான்.”

“அப்போ படி இல்லீங்களே! இப்போதாங்க கீது!”

“இருக்கா இல்லையான்னு எய்த கட்டம் இல்லப்பா. வேற ஏதாவது சொல்லு. அதோ பாரு, வேப்பமரம்.”

காத்தவராயன் வேப்பமரத்தைப் பார்த்தான். பின்னால் நூறு பேர் நெளிந்தார்கள். சங்கு ஊதப் போகிறது. ஒரு வார்த்தை, ஏதோ ஒரு வார்த்தை சொன்னால் பில்லை கைக்கு வந்துவிடும். எட்டு மாதமாக அப்படித்தான் வந்தது.

“இல்லீங்க” என்றான். “எனுக்கு இன்னிக்கு இது ஒண்ணுதான் கீது.”

“அப்போ பில்லை இல்ல.”

“இருக்கட்டுங்க.”

அவன் வீட்டுக்குத் திரும்பியபோது சம்பங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சாய்ந்திருந்தாள். மூட்டை மூலையில் இல்லை. அவிழ்த்துத் துணிகளைக் கொடியில் போட்டிருந்தாள்.

“இன்னா, வந்துட்ட? பில்லை எங்க?”

“மூணு படிக்கு நன்றி சொன்னேன். முன்னாலயே சொல்லிட்டேனாம், வாணாம்னுட்டாங்க.”

சம்பங்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “அத்த ஏன் அவங்க கிட்ட போயி சொன்ன? படி போட்டது அவங்களா? ஆசாரி கிட்ட சொன்னியா?”

காத்தவராயனுக்கு அது தோன்றவே இல்லை.

“போ, போயி சொல்லிட்டு ஓடியா” என்றாள் அவள். “வர்ற வழில பார்வதம்மாவ இட்டுக்கினு வா. வலி எடுத்துடுச்சி.”

அவன் தச்சுக் கொட்டகைக்கு ஓடினான். வாசு ஆசாரி இழைப்புளி பிடித்துக்கொண்டிருந்தார். காத்தவராயன் மூச்சிரைக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையை நிறுத்தினார். எதற்கு என்று இரண்டாம் முறை கேட்டார். அவன் இரண்டாம் முறையும் சொன்னான். அங்கே அதற்குத் தடையில்லை. ஆசாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காத்தவராயன் மருத்துவச்சி பார்வதம்மாவின் வீட்டுப் பக்கம் ஓடினான்.

உச்சிவேளையில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதே வேளையில் ஜெயகரன் அன்றைய பக்கத்தை முடித்துக் கோடு போட்டார். காத்தவராயனின் பெயருக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறது: ‘நன்றியின்மை காரணமாக இன்று வேலைக்கு வரவில்லை.’